94 டெஸ்ட் எடுத்தார்கள், ஒரு பி.பி. பார்க்கவில்லை

கேள்வி:

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 43. தனியார் பள்ளியில் ஆசிரியை. இரண்டு பிள்ளைகள், இரண்டும் சுகப்பிரசவம். ஒன்றரை வருடமாக மாதவிலக்கு எட்டு, ஒன்பது நாள் நீடிக்கிறது. முதல் மூன்று நாள் கட்டி கட்டியாகப் போகும். அந்த நாட்களில் பள்ளிக்குக் கறுப்பு அல்லது மெரூன் புடவைதான். ஸ்கேனில் கர்ப்பப்பையில் இரண்டு ஃபைப்ராய்டு கட்டி என்று வந்தது. ஒன்று 4.8 செ.மீ., இன்னொன்று 2.1 செ.மீ. கர்ப்பப்பையையே எடுத்துவிடலாம் என்கிறார் எங்கள் ஊர் டாக்டர். என் நாத்தனாரும் "ரெண்டு பெத்தாச்சு, இனி அது எதுக்கு?" என்கிறார். இதற்கிடையில் பெங்களூரில் இருக்கும் என் தம்பி, ரத்தத்தில் இருக்கும் வளர்சிதைப் பொருட்களை வைத்தே ஃபைப்ராய்டைக் கண்டுபிடிக்கலாம் என்று ஒரு செய்தியை அனுப்பினான். கூடவே, வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் ஃபுல் பாடி பேக்கேஜ் ஒன்றையும் புக் செய்துவிட்டான். ஒரு பையன் பைக்கில் வந்து எடுத்துக்கொண்டு போனான். மொத்தம் 94 டெஸ்ட். ரிப்போர்ட்டில் திரும்பிய பக்கமெல்லாம் சிவப்பு எழுத்து. சி.ஏ.125 என்பது 52 இருக்கிறது, அதைப் பார்த்துத் தூக்கமே போயிற்று. இது புற்றுநோயா? எச்.பி.ஏ.1.சி. 6.2, எனக்குச் சர்க்கரை வந்துவிட்டதா? கட்டி வளருமா, கெட்ட கட்டியா என்று சொல்லும் ரத்தப் பரிசோதனை நிஜமாகவே இருக்கிறதா? கர்ப்பப்பையை எடுக்கலாமா? இன்னொன்று, சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆறு மாதமாக வெறும் அரிசியை மெல்லும் பழக்கம் வந்துவிட்டது. அதனால்தான் சோகை பிடித்ததா? ரிப்போர்ட்டுகளை இணைத்திருக்கிறேன், கடைசி மாதவிலக்குத் தேதியையும் எழுதியிருக்கிறேன்.

பெயர் வேண்டாம், விருதுநகர் மாவட்டம்.

பதில்:

சகோதரிக்கு வணக்கம். வெட்கப்பட்டுக்கொண்டு கடைசியில் எழுதினீர்களே, அந்த அரிசி விஷயத்திலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவிய வரி அதுதான்.

அரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை வரும் என்று சின்ன வயதில் நம்மை மிரட்டுவார்கள். கொஞ்சம் வயதானவர்கள் "அரிசி தின்னா சோகை பிடிக்கும்" என்பார்கள். அவர்கள் பார்த்தது சரி. அரிசி மெல்லும் பெண்கள் வெளிறித்தான் இருப்பார்கள். காரணத்தை மட்டும் தலைகீழாகப் புரிந்துகொண்டார்கள். சோகையால்தான் அரிசி மெல்லத் தோன்றுகிறது. உடம்பில் இரும்பு வற்றிப்போனால் சிலருக்கு அரிசி, சிலருக்கு ஐஸ் கட்டி, சிலருக்குச் சாம்பல், மண், சாக்பீஸ் என்று ஏதாவது ஒன்றின் மேல் ஆசை வரும். ஏன் வருகிறது என்பதற்கு முழுமையான விளக்கம் கிடையாது. ஆனால் இந்த ஆசை வந்தாலே ஃபெரிட்டினைப் பார்க்க வேண்டும் என்பது என் கைப்பழக்கம்.

உங்கள் ரிப்போர்ட்டில் ஃபெரிட்டின் 6. ஏழாவது பக்கத்தில், வைட்டமின்களுக்கு நடுவே ஒளிந்து கிடக்கிறது. சி.ஏ.125-ஐப் பார்த்துத் தூக்கம் போயிற்று என்று எழுதியிருக்கிறீர்கள். என் தூக்கத்தைக் கெடுக்கக்கூடிய எண் இந்த 6-தான். ஃபெரிட்டின் என்பது உடம்பின் இரும்புச் சேமிப்பு எவ்வளவு என்று காட்டும் புரதம். பெரியவர்களுக்கு 15-க்குக் கீழே போனாலே பற்றாக்குறை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எங்களில் பலர் 30-க்குக் கீழேயே மருந்து தொடங்கிவிடுவோம். உங்கள் ஹீமோகுளோபின் 8.4. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12 இருக்க வேண்டும். 8 முதல் 10.9 வரை நடுத்தரச் சோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நீங்கள் அதன் அடி விளிம்பில் நிற்கிறீர்கள். இந்த நிலையில் தினமும் வகுப்பில் நின்றுகொண்டு பாடம் நடத்துகிறீர்கள் என்பதே எனக்கு ஆச்சரியம்.

இது எப்படி வந்தது என்று ஒரு வரவு செலவுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிராம் ஹீமோகுளோபினில் சுமார் 3.4 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஹீமோகுளோபின் 12 இருக்கும் பெண்ணுக்கு 100 மில்லி ரத்தம் போனால் 40 மில்லிகிராம் இரும்பு போகிறது. ஒரு மாதவிலக்கில் 80 மில்லிக்கு மேல் போனால் அதிக உதிரப்போக்கு என்று பாடப் புத்தகங்கள் சொல்லும். கட்டி கட்டியாக ஒன்பது நாள் போகிறது என்றால் நீங்கள் அதைத் தாண்டிப் பல மாதம் ஆகியிருக்கும். 200 மில்லி என்றே வைத்துக்கொள்வோம், 80 மில்லிகிராம் செலவு. சாப்பாட்டிலிருந்து உடம்பு எடுத்துக்கொள்வது நாளைக்கு ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு மில்லிகிராம். தோல், குடல் வழியாக எல்லோருக்குமே தினமும் ஒரு மில்லிகிராம் அளவுக்குப் போய்விடும். மிச்சம் என்ன நிற்கும்? ஒன்றரை வருடமாகப் பற்றாக்குறை பட்ஜெட்தான். முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் நல்லவைதான், சாப்பிடுங்கள். ஆனால் இந்தக் கடனை அவை அடைக்காது.

அடுத்து சர்க்கரை. எச்.பி.ஏ.1.சி. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரைக்கு முந்தைய நிலை என்று லேப் அச்சடித்துத் தருகிறது. உங்களுக்கு 6.2, அதனால் சிவப்பு. ஆனால் அதே ரிப்போர்ட்டில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 91 என்றும் இருக்கிறது. அது முழுக்க நார்மல். இரண்டில் எது உண்மை?

எச்.பி.ஏ.1.சி. சர்க்கரையை நேராக அளப்பதில்லை. ரத்தச் சிவப்பணுவில் இருக்கும் ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்க்கிறது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அணு எவ்வளவு நாள் ரத்தத்தில் சுற்றுகிறதோ அவ்வளவு சர்க்கரை ஒட்டும். இரும்பு இல்லாதபோது புதிய அணுக்கள் உற்பத்தி குறைந்து பழைய அணுக்களின் பங்கு கூடிவிடும். அப்போது சர்க்கரை ஏறாமலே எச்.பி.ஏ.1.சி. ஏறியதுபோலத் தெரியும். இரும்பு கொடுத்தால் புது அணுக்கள் கூட்டமாக வரும், எண் தானாக இறங்கும். ரத்தம் ஏற்றிக்கொண்டாலும், திடீரென்று நிறைய ரத்தம் போனாலும் இதற்கு நேர்மாறாக, உண்மையைவிடக் குறைவாகக் காட்டலாம். ஆக, உங்களைப் போன்ற ஒருவருக்கு இந்தப் பரிசோதனையின் தராசு முள்ளே கோணல்.

சில வருடம் முன்பு 39 வயதுப் பெண் ஒருவர் என்னிடம் வந்தார். எச்.பி.ஏ.1.சி. 6.6 என்று எங்கோ பார்த்து, சர்க்கரை நோய் என்று சொல்லி மாத்திரை தொடங்கியிருந்தார்கள். ஹீமோகுளோபின் 7.1. அவர் வந்ததோ உதிரப்போக்குக்காக. குளுக்கோஸ் குடிக்கவைத்து அளந்தால் எல்லாம் சரியாக இருந்தது. மாத்திரையை நிறுத்தி, இரும்பு ஏற்றி, நாலு மாதம் கழித்துப் பார்த்தபோது 5.5. நடுவில் எட்டு மாதம் அந்த அம்மா ஒரு லட்டு சாப்பிடவில்லை, தங்கை கல்யாணத்தில்கூட.

அதனால் நீங்கள் இப்போது செய்ய வேண்டியது, வெறும் வயிற்றிலும், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் சர்க்கரையை அளந்து பார்ப்பது மட்டும்தான். எச்.பி.ஏ.1.சி.யை இரும்பு நிரம்பி மூன்று மாதம் ஆன பிறகு மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.

தட்டணு 4.9 லட்சம் என்று சிவப்பாக இருப்பதும் இரும்புக் குறையோடு கூட வருவதுதான். இரும்பு ஏறினால் அதுவும் இறங்கும். எம்.சி.வி., அதாவது சிவப்பணுவின் சராசரி அளவு, 68 என்பதைப் பார்த்து, பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாடான தலசீமியாவோ என்று சிலர் பயமுறுத்தலாம். அந்தக் கூறு இருந்தால் சிவப்பணு எண்ணிக்கை பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். உங்களுக்குக் குறைவு. எம்.சி.வி. இரும்பு ஏறிய பிறகும் ஏறாவிட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

சரி, சி.ஏ.125. ரத்தத்தில் அளக்கும் ஒரு புரதம் இது. அதன் வரம்பு 35, உங்களுக்கு 52. சினைப்பைப் புற்றுநோயில் இது கூடும் என்பது உண்மை. ஆனால் அங்கே மட்டும் கூடுவதில்லை. ஃபைப்ராய்டில் கூடும், கர்ப்பப்பை உள்வரி போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸில் கூடும், கர்ப்பத்தில் கூடும், வயிற்றுக்குள் எந்தப் புண், அழற்சி இருந்தாலும் கூடும். எல்லாவற்றுக்கும் மேலாக, சும்மா மாதவிலக்கிலேயே கூடும். ரத்தம் எடுத்த தேதியையும், நீங்கள் எழுதியிருக்கும் கடைசி மாதவிலக்குத் தேதியையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். இரண்டாம் நாள் எடுத்திருக்கிறார்கள்! ஸ்கேனில் இரண்டு சினைப்பைகளும் நன்றாக இருக்கின்றன, வயிற்றில் நீர் இல்லை. புற்றுநோய் என்று சந்தேகப்பட இதில் ஒன்றுமில்லை. ஓவரியில் கட்டி எதுவும் தெரியாத, மாதவிலக்கு நிற்காத பெண்ணுக்கு இந்தப் பரிசோதனையைப் பேக்கேஜில் சேர்ப்பதே தவறு என்பது என் கருத்து. பயத்தை விற்றால் அடுத்த டெஸ்டையும் விற்கலாம், வேறென்ன.

எல்.டி.எச். என்ற நொதி 262 என்று சற்றுக் கூடியிருப்பதற்கு ஒரு காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. பையன் பைக்கில் வந்து எடுத்துக்கொண்டு போனான் என்கிறீர்கள். மே மாத வெயிலில், குலுங்கிக்கொண்டே, எவ்வளவு நேரம் போனதோ. குழாய்க்குள் சிவப்பணு உடைந்தாலே அதற்குள் இருக்கும் எல்.டி.எச். வெளியே வந்துவிடும். லேப்புக்கே நேரில் போய் இன்னொரு முறை கொடுத்துப் பாருங்கள். இந்த எல்.டி.எச்.சை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடி வருகிறது.

இனி உங்கள் தம்பி அனுப்பிய செய்தி. பொய்ச் செய்தி என்று தள்ளிவிட மாட்டேன். உண்மையாகவே ஆராய்ச்சி நடக்கிறது. வளர்சிதைப் பொருட்கள் என்றால் உடம்பின் செல்கள் சாப்பாட்டை எரித்து, உடைத்து, புதிதாகச் சேர்த்து வேலை செய்யும்போது உண்டாகும் சின்னச் சின்ன மூலக்கூறுகள். சர்க்கரை, அமினோ அமிலங்கள், கொழுப்பு வகைகள், பித்த அமிலங்கள் என்று ஆயிரக்கணக்கில். ஒரு சொட்டு ரத்தத்தில் இவற்றில் நூற்றுக்கணக்கானவற்றை ஒரே ஓட்டத்தில் அளக்கும் கருவிகள் இப்போது இருக்கின்றன. ஃபைப்ராய்டு இருக்கும் பெண்களின் ரத்தத்தில் இவை வேறு மாதிரி இருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள். சில கொழுப்புகளிலும் சில அமினோ அமிலங்களிலும் வித்தியாசம் தெரிகிறது என்றும் எழுதுகிறார்கள்.

எனக்கு இதில் இருக்கும் தயக்கத்தை ஒரு உதாரணத்தில் சொல்கிறேன். பெரிய அபார்ட்மென்ட் ஒன்றின் கழிவுநீர்க் குழாயைப் பார்த்து, மூன்றாவது மாடியில் கடைசி வீட்டில் இன்று என்ன குழம்பு என்று சொல்வதுபோல இது. ரத்தம் எல்லா வீட்டுக்கும் பொதுக்குழாய். உங்கள் இரண்டு கட்டிகளும் சேர்த்து 65 கிராம் இருந்தால் அதிகம். கல்லீரல் மட்டும் ஒன்றேகால் கிலோவுக்கு மேல். தசை பல கிலோ. எல்லாம் அதே குழாயில்தான் கொட்டுகின்றன. முந்தின நாள் ராத்திரி பரோட்டாவா இட்லியா, காலையில் காபி குடித்தாரா, மாதவிலக்குச் சுழற்சியில் எத்தனையாவது நாள், ரத்தம் எவ்வளவு நேரம் வெளியே இருந்தது, எல்லாமே எண்ணை மாற்றும்.

கணக்கிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. 50 நோயாளிகள், 50 நோயில்லாதவர்கள் என்று எடுத்து ஆயிரம் பொருட்களை அளந்தால், வழக்கமான 5 சதவீத வரம்பில் 50 பொருட்கள் தற்செயலாகவே வித்தியாசம் காட்டிவிடும். அதைச் சரிசெய்ய வழிகள் உண்டு. நல்ல ஆய்வாளர்கள் செய்கிறார்கள், பிறகு வேறு ஊரில் வேறு பெண்களிடம் மறுபடி சோதிக்கிறார்கள். அந்த இரண்டாம் சோதனையில்தான் பெரும்பாலான கண்டுபிடிப்புகள் கரைந்துபோகும். நோயில்லாதவர்கள் என்று யாரைச் சேர்ப்பது என்பது அடுத்த சிக்கல். 2003-இல் வெளிவந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில் பெண்களை வரிசையாக ஸ்கேன் செய்து பார்த்தார்கள். 50 வயதுக்குள் வெள்ளையினப் பெண்களில் 70 சதவீதத்துக்கு அருகிலும், கறுப்பினப் பெண்களில் 80 சதவீதத்துக்கு மேலும் ஃபைப்ராய்டு வந்துவிடுகிறது என்று கணக்கிட்டார்கள். பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. ஸ்கேன் பண்ணாமல் "இவருக்குக் கட்டி இல்லை" என்று எப்படிச் சேர்ப்பது?

நான் எப்போதும் கேட்கும் கேள்வி வேறு ஒன்று. ஃபைப்ராய்டு பெண்களின் ரத்தத்தில் தெரியும் அந்த மாறுதல், கட்டியுடையதா, அல்லது கட்டியால் வந்த சோகையுடையதா? இரும்பு இல்லாத உடம்பு எரிபொருளை எரிக்கும் விதமே மாறிவிடும். உங்கள் எச்.பி.ஏ.1.சி. எப்படி ஏமாற்றியதோ, அதே ஏமாற்று அந்த ஆயிரம் பொருட்களிலும் நடக்க முடியும். ஆய்வுக் கட்டுரை படிக்கும்போது நான் முதலில் தேடுவது இரண்டு குழுவுக்கும் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் சமமாக இருந்ததா என்பதைத்தான். பல நேரம் அந்த வரி இருக்காது.

எல்லாம் சரியாகவே வந்தது என்று வைத்துக்கொண்டாலும், கட்டி இருக்கிறதா இல்லையா என்று சொல்ல நமக்கு ரத்தப் பரிசோதனை எதற்கு? ஸ்கேன் இருக்கிறதே. எத்தனை, எவ்வளவு பெரிது, எந்த இடம் என்று அது காட்டிவிடும். இடம்தான் முக்கியம், அதை எந்த ரத்தமும் சொல்லாது.

ரத்தப் பரிசோதனை வந்தால் உண்மையில் உதவக்கூடிய இடம் ஒன்று உண்டு. சாதாரண ஃபைப்ராய்டையும், அதேபோல உருண்டையாக இருக்கும் சார்கோமா என்ற புற்றையும் அறுவைக்கு முன்பே பிரித்துச் சொல்வது. ஃபைப்ராய்டு என்று நினைத்து அறுவைக்குப் போகும் பெண்களில் சுமார் 350 பேரில் ஒருவருக்குச் சார்கோமா இருக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2014-இல் மதிப்பிட்டது. அது மிகை என்று பிறகு பலர் வாதிட்டார்கள், பிந்தைய சில மதிப்பீடுகள் இன்னும் குறைவு. அபூர்வம்தான், ஆனால் கட்டியை உள்ளேயே அரைத்து எடுத்தால் புற்று பரவிவிடும் என்பதால் அந்த அபூர்வமும் முக்கியம். இங்கேதான் எல்.டி.எச். வருகிறது. எல்.டி.எச்.சையும் எம்.ஆர்.ஐ.யையும் சேர்த்துப் பார்த்தால் பிரிக்க உதவும் என்று 2002-இல் ஜப்பானிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. எல்.டி.எச். மட்டும் தனியாக ஒன்றும் சொல்லாது, உடைந்த சிவப்பணுவே அதைக் கூட்டிவிடும் என்று பார்த்தோமே. உங்கள் ஸ்கேனில் சந்தேகப்படும்படி ஏதும் எழுதவில்லை. கட்டி சட்டென்று வளர்ந்தாலோ, மாதவிலக்கு நின்ற பிறகும் வளர்ந்தாலோ அப்போது எம்.ஆர்.ஐ. பேச்சுக்கு வரும்.

வளர்சிதை மாற்றமே காரணமாக இருக்கும் ஃபைப்ராய்டும் ஒன்று உண்டு, ஆனால் அது தனி ரகம். பெரும்பாலான ஃபைப்ராய்டுகள் கர்ப்பப்பைத் தசையின் ஒரே ஒரு செல்லில் மரபணு மாறுவதால் தொடங்குகின்றன. அவற்றில் சுமார் 70 சதவீதத்தில் மெட்12 என்ற மரபணு மாறியிருக்கிறது என்று 2011-இல் பின்லாந்து ஆய்வாளர்கள் கண்டார்கள். பிறகு ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்ட்ரோனும் அதை வளர்க்கின்றன. மிகச் சில குடும்பங்களில் மட்டும், செல் சக்தி எடுக்கும் சுழற்சியில் வேலை செய்யும் ஃபியூமரேட் ஹைட்ரடேஸ் என்ற நொதியே பழுது. ஃபியூமரேட் என்ற பொருள் செல்லுக்குள் தேங்கும். அந்தப் பெண்களுக்கு இருபதுகளிலேயே நிறைய கட்டிகள் வரும், தோலில் வலிக்கும் சிறு முடிச்சுகள் வரும், குடும்பத்தில் சிறுநீரகப் புற்று இருக்கும். உங்கள் அம்மா, அக்கா தங்கை, மாமா யாருக்காவது சிறுநீரகப் புற்று வந்திருந்தால் மட்டும் எனக்கு எழுதுங்கள். இல்லையென்றால் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

மிச்சமிருக்கும் சிவப்பு எழுத்துகள்: வைட்டமின் டி 11, எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு 141, டிரைகிளிசரைடு 168. வைட்டமின் டி போதுமான அளவு இருந்த பெண்களுக்கு ஃபைப்ராய்டு வாய்ப்பு 32 சதவீதம் குறைவு என்று 2013-இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. ஆனால் வைட்டமின் டி சாப்பிட்டால் இருக்கும் கட்டி கரையும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. எலும்புக்காகச் சாப்பிடுங்கள். 60,000 யூனிட் மாத்திரை என்றால் வாரத்துக்கு ஒன்று, டாக்டர் சொன்ன வாரங்கள் மட்டும். தினமும் ஒன்று என்று தவறாகப் புரிந்துகொண்டு வாந்தியோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கொழுப்பு எண்களைப் பார்க்கும்போதுதான் ஒன்று உறைத்தது. ரிப்போர்ட்டை முன்னும் பின்னும் புரட்டினேன். 94 டெஸ்ட் எடுத்தவர்கள் உங்கள் கையில் ஒரு பி.பி. பட்டையைக் கட்டவில்லை. உங்கள் ஊர் டாக்டரின் சீட்டிலும் இல்லை. அமெரிக்கச் செவிலியர்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்றில், பி.பி.யின் கீழ் எண் ஒவ்வொரு 10 கூடும்போதும் ஃபைப்ராய்டு வாய்ப்பு 8 முதல் 10 சதவீதம் கூடியது. ரத்தக் கொதிப்புக்கும் ஃபைப்ராய்டுக்கும் உள்ள தொடர்பு பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. சர்க்கரை நோயில் அப்படி இல்லை, சில ஆய்வுகளில் சர்க்கரை உள்ள பெண்களுக்குக் கட்டி குறைவாகக்கூட இருந்தது. எந்த வளர்சிதை எண்ணும் எங்களுக்கு நேர்க்கோட்டில் பதில் சொல்வதில்லை. நாளைக்கே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய் பி.பி. பாருங்கள். காசும் கிடையாது.

இப்போது கடைசிக் கேள்வி. எடுக்கலாமா?

உங்கள் ஸ்கேனில் 4.8 செ.மீ. கட்டி தசைச் சுவருக்குள் இருக்கிறது. 2.1 செ.மீ. கட்டி கர்ப்பப்பையின் உள்ளறைக்குள் துருத்திக்கொண்டிருக்கிறது. எல்லோரும் பெரியதைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்குச் சந்தேகம் சின்னதன் மேல். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது. உள்ளறையைத் தொடும் கட்டிதான் பெரும்பாலும் இப்படி ரத்தத்தைக் கொட்டவைக்கும். ஃபைப்ராய்டு இருக்கும் இடத்தை 0 முதல் 8 வரை எண் போட்டுச் சொல்வோம். 0, 1, 2 என்றால் உள்ளறைப் பக்கம். சின்னக் கட்டி இதில் எந்த எண் என்று ஸ்கேன் டாக்டரிடம் கேளுங்கள். தெளிவாக இல்லையென்றால் உள்ளே கொஞ்சம் உப்புநீர் விட்டு ஸ்கேன் செய்தால் தெரிந்துவிடும். 0 அல்லது 1 என்றால் வயிற்றைக் கிழிக்காமல், கீழ் வழியாகவே கருவி விட்டு அந்த ஒன்றை மட்டும் எடுத்துவிடலாம். பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். அதே சமயத்தில் கர்ப்பப்பையின் உள்வரியில் கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்புவது நல்லது. நாற்பதைத் தாண்டி இவ்வளவு உதிரப்போக்கு இருக்கும்போது அதைத் தவிர்க்கக் கூடாது. சி.ஏ.125-ஐவிட ஆயிரம் மடங்கு உபயோகமான பரிசோதனை அது.

அதன் பிறகு, ரத்தப்போக்கைக் குறைக்கும் ஹார்மோன் வளையத்தை உள்ளே வைக்கலாம். உள்ளறை கோணலாக இருந்தால் அது நழுவி விழ வாய்ப்பு உண்டு, அதனால் கட்டியை எடுத்த பின்பு வைப்பது மேல். மாதவிலக்கு நாட்களில் மட்டும் போடும் டிரானெக்சாமிக் அமில மாத்திரை இப்போதே உதவும். உங்களுக்கோ உங்கள் குடும்பத்திலோ காலில், நுரையீரலில் ரத்தம் உறைந்த சரித்திரம் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். நம் நாட்டில் பெரும்பாலான பெண்களுக்கு 46, 47 வயதை ஒட்டி மாதவிலக்கு நின்றுவிடுகிறது. நின்றால் கட்டிகளும் சுருங்கும். நீங்கள் கடக்க வேண்டியது இன்னும் சில வருடங்கள்தான்.

கர்ப்பப்பையை எடுப்பது தப்பு என்று சொல்லவில்லை. எல்லாம் செய்து பார்த்தும் அடங்காத உதிரப்போக்குக்கு அது நல்ல தீர்வு, எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கும் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். ஆனால் அது முதல் படி அல்ல. தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுப்பது இந்த நாட்டில் எவ்வளவு பெருகிப்போனது என்றால், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மத்திய அரசின் வழிகாட்டுதல்களை மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்தச் சொல்லி 2023 ஏப்ரலில் மாநிலங்களுக்கு உத்தரவு வந்தது. உங்கள் நாத்தனாரிடம் இதைச் சொல்லுங்கள். எடுத்தே ஆக வேண்டும் என்று வந்தாலும், "கூடவே ஓவரியையும் எடுத்துவிடலாம்" என்றால் ஏன் என்று கேளுங்கள். நல்ல ஓவரியை 43 வயதில் எடுத்தால் எலும்பும் இதயமும் அதற்கு விலை கொடுக்கும்.

எதைச் செய்வதானாலும் 8.4-ஐ வைத்துக்கொண்டு அவசரமில்லாத ஆபரேஷன் மேசையில் ஏறாதீர்கள். முதலில் இரும்பு. மாத்திரை என்றால் வெறும் வயிற்றில், கொஞ்சம் எலுமிச்சைச் சாறோடு. காபி, டீ, பால், கால்சியம் மாத்திரை எதுவும் முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் வேண்டாம். ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் உடம்பு நன்றாக உறிஞ்சுகிறது, வயிற்றுத் தொல்லையும் குறைவு என்று சில ஆய்வுகள் காட்டுகின்றன. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ஆனால் உங்களுக்கு மாதா மாதம் போகும் அளவைப் பார்த்தால் மாத்திரை பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்கும். நரம்பு வழியாக இரும்பு ஏற்றுவதைத்தான் நான் விரும்புவேன். அரசு மருத்துவமனைகளிலும் போடுகிறார்கள். மூன்று, நான்கு வாரத்தில் ஹீமோகுளோபினை மறுபடி பாருங்கள், ஒன்றிரண்டு புள்ளியாவது ஏறியிருக்க வேண்டும். 12 வந்துவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், சேமிப்பு நிரம்ப மேலும் மூன்று மாதம் ஆகும். இதற்கிடையில் மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ, மாடி ஏறும்போது மூச்சு வாங்கினாலோ, கண் இருட்டிக்கொண்டு வந்தாலோ அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

உங்கள் தம்பியைத் திட்ட வேண்டாம், அக்கா மேல் அக்கறையில்தான் செய்திருக்கிறார். அடுத்த முறை பேக்கேஜுக்குப் பதில் அந்தப் பணத்தில் ஒரு நல்ல பி.பி. மெஷின் வாங்கி அனுப்பச் சொல்லுங்கள், மிச்சமும் நிற்கும்.

அரிசி ஆசை, இரும்பு உள்ளே போன சில நாட்களிலோ வாரங்களிலோ தானாகப் போய்விடும். ஹீமோகுளோபின் ஏறுவதற்கு முன்பே போய்விடுவதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். என்றைக்கு அரிசி டப்பாவைக் கடந்து போகும்போது கை போகவில்லையோ அந்தத் தேதியைக் குறித்துவைத்து, அடுத்த கடிதத்தில் சின்னக் கட்டியின் எண்ணோடு சேர்த்து எழுதுங்கள்.